கோடும் லயமும்: ஊவாத் தோட்டத்தில் பெயின்ட் கற்ற கதை

பழைய காகிதக் கட்டுகளுக்கிடையே அண்மையில் ஒரு பிளொப்பித் தட்டு அகப்பட்டது. அதன் மேலுறையில் என் கையெழுத்தில் "பசறை, 2006, படம் 1" என்று எழுதியிருந்தது. அதைத் திறந்து பார்க்க இன்று என்னிடம் இயந்திரம் இல்லை. ஆயினும் உள்ளே இருக்கும் படம் எனக்கு மனப்பாடம். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில், அங்கிருந்த ஒரேயொரு கணினியில், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பெயின்ட் என்னும் எளிய மென்பொருளைக் கொண்டு வரைந்த தன் வீட்டின் படம் அது. அதை முன்வைத்துச் சிறிது வரலாறு பேசலாம் என்று தோன்றியது. வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

கணினித் திரையில் படம் வரையும் கலைக்கு வித்திட்டவராகப் போற்றப்படுபவர் ஐவன் சதர்லண்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், ஒளிப்பேனா ஒன்றினால் திரையில் கோடு வரைய வழிசெய்த 'ஸ்கெச்பேட்' என்னும் நிரலை 1963 இல் ஆக்கினார். அன்று அந்தக் கணினி ஆய்வுகூடத்துக்கு வெளியே எவரும் கண்டிராத ஒரு பெரும் பொறி. அந்த வித்தை மேசைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1984 இல் அப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டொஷ் கணினியோடு, பில் அட்கின்சன் எழுதிய 'மெக்பெயின்ட்' வந்தது. 1985 நவம்பரில் மைக்ரோசொஃப்டின் முதலாவது வின்டோஸ் வெளிவந்தபோது அதனுள்ளும் ஒரு வரைகருவி இருந்தது. கறுப்பு வெள்ளை மட்டுமே அறிந்த கருவி. இசட்சொஃப்ட் என்ற நிறுவனத்தின் நிரலை அடியொற்றி அமைந்த அது, 1990 இல் 'பெயின்ட்பிரஷ்' ஆகி வண்ணம் பெற்றது. 1995 இல் மீண்டும் 'பெயின்ட்' என்றே பெயர் கொண்டது. தனிக் காசு கேட்காமல் கணினியோடு சேர்ந்தே வந்தமையால், உலகில் கணக்கற்ற பிள்ளைகள் முதன்முதலாக மவுஸ் பிடித்துப் பழகியது இதில்தான்.

இனி ஊவாவுக்கு வருவோம். மத்திய மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஊவா தனி மாகாணமானது 1886 இல். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட காலம் அது. நில அளவையாளர்கள் மலைகளை வரைபடத்தில் கோடிட்டுத் தோட்டங்களாகப் பிரித்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள் அந்தக் கோடுகளுக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். அதற்கு முன்னரே ஒரு தலைமுறை மலையேறி நடந்து வந்து, கொழுந்து பறித்து, அந்த மண்ணிலேயே மடிந்திருந்தது.

அவர்களுக்குக் கட்டித் தரப்பட்ட குடியிருப்பு லயம். தோட்டத்து மக்கள் அதனை லயன் என்றும் சொல்வார்கள். 'வரிசை' என்று பொருள்படும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிள்ளை அது. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, முன்னே சிறு இஸ்தோப்பு, ஒரே கூரையின் கீழ் அப்படியே பல அறைகள். தோட்டத்தின் படத்தில் தொழிற்சாலையும் துரை பங்களாவும் பெயரோடு இருக்கும். லயமோ ஒரு நீள்சதுரமாக மட்டும் இருக்கும். அந்த நீள்சதுரத்துக்குள் வாழ்ந்தவர்களை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்று. எஞ்சி நின்றவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல். முதற் சட்டத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

தோட்டப் பாடசாலைகளின் கதையும் இதைப் போன்றதே. 1945 அளவில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும், தோட்டப் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் ஓராசிரியர் பள்ளிகளிலேயே விடப்பட்டார்கள். அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். மின்சாரமும் அவ்வாறே, தேயிலைத் தொழிற்சாலை ஒளிபெற்று நெடுங்காலம் சென்ற பிறகே லயங்களுக்கு விளக்கு வந்தது. ஆகவே கணினி மட்டும் எப்படி உரிய காலத்தில் வந்துவிடும்? உலக வங்கியின் உதவியோடு 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கி, 'அறிவகம்' எனப்பட்ட கணினி நிலையங்கள் 2005 முதல் நாட்டுப்புறங்களில் திறக்கப்பட்டன. அதே காலத்தில்தான் நான் கண்ட பாடசாலைக்கும் பிறர் பயன்படுத்திக் கழித்த கணினியொன்று அன்பளிப்பாக வந்து சேர்ந்திருந்தது. இணையம் இல்லை. பெயின்ட் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அன்று நானும் ஒரு மாணவனே. ஈய எழுத்தும் படக்கட்டையும் அறிந்த தலைமுறை எங்களுடையது. ஒரு கோட்டுச் சித்திரம் பத்திரிகையில் வரவேண்டுமானால் அதைத் துத்தநாகத் தகட்டில் பொறித்தெடுக்க வேண்டும். அப்படிப் பழகியவனுக்கு, திரையில் கோடிட்டு மறுநொடியே அழிப்பது மாயவித்தையாகத் தோன்றியது. ஆசிரியர் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒருங்கே கற்பித்தார். இடப்பக்கப் பெட்டியில் பதினாறு கருவிகள். கீழே இருபத்தெட்டு வண்ணங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு கோணாது. வளைகோடு வேண்டுமானால் முதலில் நேர்கோடு இட்டு, அதை இருமுறை வளைக்கலாம். அதற்கு மேல் வளையாது. நமுனுகுல மலையை வரைய முயன்ற சிறுவன் இரண்டு வளைவு போதவில்லை என்று குறைப்பட்டான். செய்த பிழையை மூன்று முறை மட்டுமே மீட்கலாம். நான்காவது பிழை நிலைத்துவிடும்.

கருவிகளின் மேல் அம்புக்குறியை வைத்தால் அவற்றின் பெயர் ஆங்கிலத்தில் தோன்றும். அச்சிறுமி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வந்து, நேர்கோட்டுக் கருவியில் நின்றாள். "சேர், இதுல லயனும் இருக்குங்களே!" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வழியில்தான் அதன் பொருள் உறைத்தது. அவள் தவறாக ஏதும் சொல்லவில்லை. அவளுடைய மூதாதையர் குடியமர்த்தப்பட்ட சொல்லும், திரையில் அவள் விரலுக்குக் கட்டுப்பட்ட சொல்லும் ஒன்றே.

அவள் அந்தக் கருவியைக் கொண்டு லயத்தையே வரைந்தாள். ஒரு கதவை வரைந்து, அதைத் தெரிவு செய்து, கன்ட்ரோல் விசையோடு இழுத்து இழுத்துப் பன்னிரண்டு கதவுகளாக்கினாள். பின்னர் கூரைக்கு நிறம் ஊற்றினாள். கூரைக் கோட்டில் எங்கோ ஒரு புள்ளி விடுபட்டிருந்தது போலும். தகர நிறம் அந்தத் துளை வழியே வழிந்து வானம் முழுவதும் பரவிவிட்டது. பெயின்டின் இயல்பு அது. கோடு மூடாவிட்டால் வண்ணம் நில்லாது. "மழை பேஞ்சா எங்க கூரையும் இப்படித்தாங்க சேர்" என்று சொல்லிக்கொண்டே அவள் மீட்டெடுத்தாள். எட்டு மடங்கு பெரிதாக்கி, விடுபட்ட புள்ளியைத் தேடிப் பிடித்து அடைத்தாள். கடைசியாக, பன்னிரண்டு கதவுகளில் ஐந்தாவதற்கு மட்டும் மஞ்சள் பூசினாள். அது அவர்கள் வீடு. மெய்யில் எல்லாக் கதவும் ஒரே நிறம் என்று ஆசிரியர் பிறகு சொன்னார்.

படத்தைப் பிளொப்பியில் ஏற்றினோம். 640க்கு 480 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என 9,21,600 பைட். பிளொப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். ஆகவே ஒரு தட்டுக்கு ஒரு படந்தான். என்னிடம் இருந்ததும் ஒரு தட்டுத்தான். அச்சிட்டு அனுப்புவதாகச் சொல்லி முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் தகப்பனார் பெயரையும் சொன்னாள். வீட்டிலக்கம் கேட்டேன். "அதெல்லாம் இல்லைங்க சேர், ஆபீசுக்குப் போட்டா வந்துரும்" என்றாள். தோட்டத்து மக்களுக்கான கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே செல்வது நெடுங்கால வழக்கம்.

அவள் பிறந்த ஊவாவில் பிறந்தவர்தான் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022). தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டவர். ஊரின் பெயரை மனிதர் சுமந்தார். ஊரோ அங்கு வாழ்ந்தோருக்குச் சொந்த முகவரி தரவில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே அறிவுறுத்தியிருந்தது. எந்த அறையில் எவர் வாழ்ந்தார், அந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார் என்று உடனே சொல்ல முடியாமற் போயிற்று. காணாமற் போனோர் தொகை நாளுக்கு நாள் மாறியது. செய்திகளை வாசித்தபோது எனக்கு அந்த மஞ்சள் கதவு நினைவுக்கு வந்தது. லயத்தின் ஒவ்வொரு கதவுக்கும் எவரேனும் ஒரு நிறம் பூசிக் குறித்திருந்தால் என்று எண்ணினேன். அதன் பின்னரே, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகளும், மேலும் 10,000 வீடுகளும் என்று 2017 இல் அறிவிப்பு வந்தது. லயத்தில் வாழும் குடும்பங்களின் தொகைக்கு முன் இவை சிறு எண்களே.

அதே 2017 ஜூலையில், பெயின்டைக் கைவிடப் போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. உலகெங்கும் எழுந்த முணுமுணுப்பைக் கண்டு அது பின்வாங்கியது. பெயின்ட் பிழைத்துக்கொண்டது, 2023 இல் அடுக்கடுக்காக வரையும் வசதியும் பெற்றது. இன்று பிழைகளை மூன்று முறைக்கு மேலும் மீட்கலாம்.

அன்று அந்தப் படத்தைக் கொழும்பில் அச்சிட்டு, அவள் சொன்ன விலாசத்துக்கே அஞ்சலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததோ இல்லையோ அறியேன். அவளுக்கு இப்பொழுது முப்பது வயதை ஒட்டியிருக்கும். இதை வாசிக்க நேர்ந்தால், ஐந்தாம் கதவின் பிள்ளையே, உன் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இம்முறை வீட்டிலக்கத்தோடு முகவரி அனுப்பு, அம்மா.