அழாத பிள்ளைக்கும் கவனிப்பு வேண்டும்

சிறப்புத் தேவையுடைய குழந்தை உள்ள வீட்டில் பெற்றோரின் நேரம் மருத்துவமனை, சிகிச்சை வகுப்பு, பள்ளி என்று அக்குழந்தையைச் சுற்றியே செல்வது இயல்பு. அதே வீட்டில் வளரும் அண்ணனோ தங்கையோ பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்; இவர்கள் அழாத பிள்ளைகள். மேலைநாடுகளில் இவர்களைக் ‘கண்ணாடிப் பிள்ளைகள்’ என்று அழைப்பதுண்டு. பெற்றோரின் பார்வை இவர்களை ஊடுருவி மற்றப் பிள்ளையின்மீது நிற்பதால் வந்த பெயர் அது.

வயதுக்கேற்ற கவலைகள்

சிறு வயதில், ‘தம்பிக்கு வந்தது எனக்கும் வருமா, என்னால்தான் வந்ததா’ என்ற பயம் இருக்கும். தொடக்கப்பள்ளி வயதில், நண்பர்களை வீட்டிற்கு அழைக்கத் தயக்கம். எம்ஆர்டி ரயிலில் பிறர் உற்றுப் பார்க்கும்போது கூச்சம். அப்படிக் கூச்சப்பட்டதற்காகக் குற்ற உணர்ச்சி. இடம் குறைந்த வீவக வீட்டில் தேர்வுக்குப் படிப்பதும் எளிதன்று. வளர்ந்தபின் வெளிநாட்டு வேலை, திருமணம் ஆகிய ஒவ்வொரு முடிவிலும் உடன்பிறந்தவரின் எதிர்காலம் குறுக்கே நிற்கும். வரன் பார்க்கும்போது அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் மறைக்கும் வீடுகளும் உண்டு. பொறுமை, பிறர் துன்பம் அறியும் குணம் ஆகியவையும் இவர்களிடம் வளர்கின்றன. ஆனால், “நீ நல்ல பிள்ளை, உன்னைப் பற்றிக் கவலையில்லை” என்ற பாராட்டு அவர்களின் வாயை அடைத்துவிடக்கூடும்.

சட்டம் சொல்வது

சிங்கப்பூரில் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. சிறப்புப் பள்ளிக் கல்வி பெரும்பாலும் 18 வயதோடு முடிகிறது. அதன்பின் பராமரிப்புப் பொறுப்பு மீண்டும் வீட்டின்மீதே அதிகம் விழுகிறது.

பிள்ளைக்கு 21 வயதானதும், அவர் சொந்தமாக முடிவெடுக்க இயலாதவராக இருந்தாலும், பெற்றோர் அவருக்காகத் தாமாகவே சட்டபூர்வ முடிவுகள் எடுக்க முடியாது. மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அவர்களைப் பிரதிநிதிகளாக நியமிக்க வேண்டும். பெற்றோருக்குப் பின் பொறுப்பேற்கும் பிரதிநிதியையும் அப்போதே குறிப்பிடலாம். பல குடும்பங்களில் அந்தப் பெயர் உடன்பிறந்தவருடையதுதான்.

பெற்றோரைப் பராமரிக்கும்படி பிள்ளைகளைக் கோரும் சட்டம் இங்கு உண்டு. உடன்பிறந்தவரைப் பராமரிக்க அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே, அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெற வேண்டும். தானாகவே வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

பணச் சுமையைப் பிரிக்க வழிகள்

இலாப நோக்கற்ற சிறப்புத் தேவை அறநிதி நிறுவனத்தில் பெற்றோர் பணம் ஒதுக்கி வைக்கலாம். தங்களுக்குப் பின் மத்திய சேம நிதிச் சேமிப்பு பிள்ளைக்கு மாதந்தோறும் கிடைக்கும்படி செய்ய, சிறப்புத் தேவை சேமிப்புத் திட்டம் உதவுகிறது. இவை முன்கூட்டியே அமைந்தால், உடன்பிறந்தவர் தம் சம்பளத்தை மட்டும் நம்பிப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. உடற்குறையுள்ளோருக்கான சேவைகளைப் பற்றி, 2013ல் தொடங்கப்பட்ட ‘எஸ்ஜி எனேபல்’ அமைப்பிடம் விசாரிக்கலாம். 1962 முதல் இயங்கும் ‘மைண்ட்ஸ்’, அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்குப் பள்ளிகளையும் பராமரிப்பு நிலையங்களையும் நடத்துகிறது. குடும்ப ஆதரவும் துணைப்பாட உதவியும் தேவைப்படும் இந்தியக் குடும்பங்கள், லிட்டில் இந்தியாவுக்கு அருகே பீட்டி சாலையில் உள்ள சிண்டாவை நாடலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

• குறைபாட்டின் பெயரையும் காரணத்தையும் வயதுக்கேற்ற சொற்களில் கூறுங்கள். ‘முற்பிறவிப் பாவம்’ என்று உறவினர் பேசினால் பிள்ளையின் முன்னிலையிலேயே மறுத்துவிடுங்கள்.

• வாரத்தில் அரை மணி நேரமாவது மற்றப் பிள்ளையுடன் தனியாகச் செலவிடுங்கள். தேக்காவில் தோசை சாப்பிடும் நேரம்கூடப் போதும்.

• கோபப்பட அனுமதியுங்கள். கோபம் பாசக் குறைவு அன்று.

• பெண்பிள்ளை என்பதற்காகப் பராமரிப்பை அவளிடமே விட்டுவிடாதீர்கள்.

• “எங்களுக்குப் பின் என்ன செய்யலாம்” என்று வளர்ந்த பிள்ளைகளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் தொடங்கிய ‘சிப்ஷாப்’ பயிலரங்குகளில் இத்தகைய பிள்ளைகள் ஒன்றுகூடி விளையாடி, மனம்விட்டுப் பேசுகின்றனர். தன்னைப் போல் இன்னொருவர் இருப்பதை அறிவதே பெரிய ஆறுதல். பெற்றோர் மறைந்த பிறகும் நீடிக்கும் உறவு இது. அது கடமையாக மட்டும் சுருங்காமல் இருக்க, சிறு வயதிலேயே கவனம் தேவை.