பட்டறை: அடி தாங்கிய சொல்

புதுக்கோட்டையில் ஒருவர் வீட்டை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்குகிறார். கார் நிறுத்தியது போக மிச்ச இடத்தில் ஒரு மேசை, ஓர் இரும்பு ரேக், ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின். இந்த இடத்துக்கு என்ன பெயர்? 'கார் ஷெட்' என்பார் வீட்டுக்கார அம்மா. 'ஒர்க்‌ஷாப்' என்பான் பையன். நல்ல தமிழில் சொல்ல ஆசைப்பட்டவர் 'பணிமனை' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் அரசுப் பேருந்து இரவில் போய் நிற்கும் டிப்போதான் நமக்கு ஞாபகம் வரும். தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வீட்லயே பட்டறை போட்டுட்டீக போல?" என்று கேட்பார். அவர் பக்கம்தான் நான்.

பட்டறையின் பழைய வடிவம் பட்டடை. அதன் முதற்பொருள் இடமே அல்ல, ஒரு கருவி. கொல்லன் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்தான் பட்டடை. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறளில், அதாவது 821-ஆம் குறளில், இந்தச் சொல் இந்தப் பொருளிலேயே வருகிறது. தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டிருந்து, தோதான நேரம் வந்ததும் அடிபட விடும் நண்பனுக்கு வள்ளுவர் கண்ட உவமை அது. அடைகல்லுக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்றும் உண்டு: உலைக்கல். வெயிலில் காய்ந்த பாறைக்கு அதை உவமை சொல்கிறது குறுந்தொகையின் 12-ஆம் பாட்டு. உலைக்கல் வழக்கொழிந்துவிட்டது. பட்டடை பிழைத்துக்கொண்டது.

பட்டடை எப்படிப் பட்டறை ஆனது? டகரம் மூன்று அடுத்தடுத்து நின்றதில் நாக்குக்குச் சலித்து, கடைசி டகரம் றகரமாக மாறியிருக்க வேண்டும். மாறிய பிறகு காதுக்கு அது 'அறை' என்று கேட்டது. அறை என்றால் உள்வீடு. அறை என்றால் அடி. இரண்டுமே பொருந்திவிட்டதால் பட்டறை என்பது அறையிலிருந்து வந்த சொல் என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் உண்டு. கன்னடத்துக்காரர் 'பட்டடெ' என்றும் தெலுங்குக்காரர் 'பட்டெட' என்றும் டகரத்தை விடாமல் வைத்திருப்பதே அதற்கு மறுப்பு. கல்லின் பெயர் கல் கிடக்கும் கொட்டகைக்கு ஆகிவந்ததுதான் நடந்த கதை.

ஊர்க் கொல்லர் ஒருவரின் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இது விளங்கும். நடுவில் மண்ணுக்குள் புதைத்த மரக்கட்டை. அதன் தலையில் பட்டறைக்கல். பல ஊர்களில் இப்போது அது தண்டவாளத் துண்டுதான். கொல்லர் தரையோடு உட்கார்ந்திருப்பார். இடது கைக் குறட்டில் பழுக்கக் காய்ந்த அரிவாள், வலது கையில் சுத்தியல். எதிரே நிற்பவர் சம்மட்டி ஓங்குவார். கொல்லரின் சுத்தியல் சின்னதாக ஒரு தட்டுத் தட்டிக் காட்டிய இடத்தில்தான் சம்மட்டி விழும். அடித்து முடித்ததும் தொட்டித் தண்ணீரில் ஒரு தோய்ச்சல். உலை, துருத்தி, தொட்டி எல்லாமே அந்தக் கல்லருகிலிருந்து எழாமலே கை நீட்டும் தூரத்தில் இருக்கும். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று சொன்னவர்கள் இந்த நெருக்கத்தைப் பார்த்தவர்கள்.

பட்டறைக்கு இன்னொரு வாழ்வும் இருக்கிறது, அதைக் கொல்லர் தெருவில் தேடினால் கிடைக்காது. பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவரிடம் கேட்க வேண்டும். விலை விழுந்துவிட்டால் அவர் வெங்காயத்தைப் 'பட்டறை போட்டு' வைப்பார். கல்லை முட்டுக் கொடுத்து, தரைக்கு மேலே கழிகளைப் பரப்பி, பக்கத்துக்குப் படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்த மேடை அது. கீழேயும் பக்கத்திலும் காற்று ஓடும். வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அடைகல், வேலைக் கொட்டகை, குவித்து வைத்த சரக்கு ஆகிய மூன்றும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். அப்படியானால் வேலை மேசையும் சாமான் அடுக்கும் உள்ள அந்தத் தகரச் சாய்ப்புக்கு வேறு எந்தச் சொல் இத்தனை கச்சிதமாகப் பொருந்தும்?

மேசை, அலமாரி என்ற சொற்களுக்குப் பட்டறையின் வயது கிடையாது. இரண்டுமே போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சொற்கள். சாவியும் ஜன்னலும் கூட அவர்களோடு வந்தவைதான். அதற்கு முன் நம் வீட்டில் பொருள் வைக்க மாடம், பரண், உறி இருந்தன. தச்சருக்கு மேசை வேண்டியிருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இழைப்புளி ஓட்டினார். மேசை இல்லாததால் வேலை ஒன்றும் மட்டமாகிவிடவில்லை. சந்தேகம் இருப்பவர் அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயிலுக்குப் போய், கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கையை அண்ணாந்து பார்க்கட்டும். மரச்சட்டமும் அதில் அறைந்த ஆணியின் கொண்டையும் கல்லில் இருக்கும். மரவேலையும் இரும்புவேலையும் அறிந்த கல்தச்சர் செய்த வேலை அது.

இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியபோது வெளிவந்தவற்றில் இரும்பு ஆணிகளும் உண்டு. பிற்காலத்தில் திருச்சிதான் நம் பட்டறைகளின் தலையெழுத்தை மாற்றியது. 1928-இல் பொன்மலை ரயில்வே பணிமனை. 1960-களில் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை. பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் கூடங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூர் வரை பெருகின. அங்கே அதைப் 'பட்டறை' என்றால் முதலாளி முகம் சுளிப்பார். 'யூனிட்' என்று சொல்ல வேண்டும். லேத், வெல்டிங், மோட்டார் காயில் கட்டுவது, நகை என்று சின்ன முதலில் நடப்பதெல்லாம் இன்றும் பட்டறைதான்.

1977-இல் ந. முத்துசாமி தன் நாடகக் குழுவுக்குக் கூத்துப்பட்டறை என்று பெயர் வைத்தார். அங்கே அடிபட்டுப் பழகியது நடிகனின் உடம்பு, அதனால் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த 'ஒருநாள் பயிற்சிப் பட்டறை'கள் வேறு ரகம். பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு, சான்றிதழ். ஒருவர் கையிலும் கரி ஒட்டியிருக்காது. 'ஒர்க்‌ஷாப்' என்ற ஆங்கிலச் சொல் கூட்டத்துக்குப் போனதால் நம் சொல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் பட்டறை போடுகிறவருக்கு அந்தச் சொல்லே பாதி வேலையைச் சொல்லித் தருகிறது. முதலில் அடி தாங்கும் இடம். வைஸைப் பலகையின் நடுவில் பூட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் மேசை குதிக்கும். மேசைக்காலுக்கு நேர்மேலே பூட்டினால் அடி தரைக்குப் போய்விடும். கட்டையைக் கொல்லர் மண்ணில் புதைத்ததன் காரணமும் இதுதான். அப்புறம் அடுக்கு. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த நம் பக்கம் கரையான் சும்மா விடாது. ரேக்கின் காலைக் கல்மேல் நிறுத்தி, சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். வெங்காயப் பட்டறைக்காரர் செய்வது அதைத்தான். கனமான சாமான் கீழ்த்தட்டில், தினமும் எடுப்பது நெஞ்சுயரத்தில், வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது பரணில்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு வாசலில் பெயர் எழுத ஆசை வந்தால், 'கராஜ்' என்று எழுதாதீர்கள். பட்டறை என்றே எழுதுங்கள்.