தூத்துக்குடி வீதிகளும் திரேஸ்புரமும்

ஒரு நகரத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளை எண்ணுவர். அதன் நீதியை அறிய விரும்புவோர் அதன் வீதிகளை நடந்து பார்த்தல் வேண்டும். வீதி எல்லோருடைய பொருளாலும் எல்லோருக்காகவும் அமைவது. ஆகவே ஓர் ஊரில் எந்த வீதி முதலில் போடப்பட்டது, எது பின்தள்ளப்பட்டது, அதற்குரிய பணம் யாரிடமிருந்து வந்தது என்பனவற்றை ஆராய்ந்தால், அவ்வூரை ஆண்டவர்கள் யாரைக் கணக்கில் எடுத்தனர், யாரை மறந்தனர் என்பது இனிது விளங்கும். திரேஸ்புரத்து வீதிகளைப் பற்றி நம்மவர் குறைகூறுதல் புதிதன்று. குறைகூறுமுன் வீதிப் பணத்தின் வரலாற்றை அறிந்து கொள்ளுதல் நலம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நகரசபை என்பதொன்று ஏற்படுமுன் தூத்துக்குடியின் வீதிகள் கடலை நோக்கியே வளர்ந்தன. 1658-ஆம் வருஷத்தில் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கும், 1825-ஆம் வருஷத்தில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும் இவ்வூர் மாறியது. எக்கொடி பறந்தபோதிலும் பண்டகசாலையினின்று துறைக்குச் செல்லும் வழியே முதன்மை பெற்றது. அவ்வாறன்றி ஊராருக்காகவே அகன்று கிடந்த வழி ஒன்றுண்டாயின், அது தேரோடும் வீதியே. நம் குலத் தலைவர் தேர்மாறன் அவர்கள் முயற்சியால் 1806-ஆம் வருஷம் பனிமய மாதாவின் தங்கத்தேர் ஓடிற்று. தேரோடும் வீதியை மேடு பள்ளமின்றிக் காப்பதும், அதில் எவரும் திண்ணையை நீட்டாமல் பார்ப்பதும் ஊராரின் கடமை. வரியும் சட்டமும் இன்றி, பொது எண்ணம் ஒன்றினாலேயே ஒரு வீதி காக்கப்பட்டதற்கு இது சான்று.

தனியொருவர் பொருளால் பெரும் வழி அமைந்ததற்கும் நமது சீமையிலேயே உதாரணம் உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியைக் கடக்கப் பாலமின்றி மக்கள் ஓடத்துறையில் காத்துக் கிடந்த காலத்தில், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளில் 50,000 ரூபாய் அளித்தார். ஹார்ஸ்லி என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி 11 வளைவுகளுடன் கட்டப்பட்ட அப்பாலம் 1843-ஆம் வருஷம் திறக்கப்பெற்றது. இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் கொடையாளர் ஒருவரை எதிர்பார்த்து ஒரு நகரம் தன் நூறு வீதிகளையும் போட்டுக் கொள்ளுதல் இயலாது. நாள்தோறும் தேயும் பொருளுக்கு நாள்தோறும் வரும் பணம் வேண்டும். வரி பிறந்த காரணம் அதுவே.

நிற்க, அவ்வரி எவ்வாறு ஏற்பட்டது என்பதைக் காண்போம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது இந்தியப் பருத்திக்கு விலை ஏறிற்று. கரிசற்காட்டுப் பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடித் துறைக்கு வந்து குவிந்தது. இன்றும் நகரின் தலையாய வீதி கிரேட் காட்டன் ரோடு என்று வழங்குவது அக்காலத்து நினைவேயாம். சென்னை ராஜதானியில் 1865-ஆம் வருஷத்து 10-ஆவது சட்டம் நகர அபிவிருத்திக்காக ஏற்பட்டது. அதன்படி 1866-ஆம் வருஷம் தூத்துக்குடியில் நகரசபை அமைந்தது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டிகளுக்கும் மாடு குதிரைகளுக்கும் உரிய வரி, பாட்டையில் சுங்கம் என்பனவே அச்சட்டம் காட்டிய வருமானங்கள். அப்பணத்திலும் காவற்படைச் செலவுக்கே பெரும்பங்கு சென்றமையால், வீதிகளுக்கு எஞ்சியது சொற்பம்.

இவ்வரிப் பட்டியலை நம்மவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இதில் வீடு உண்டு, கடை உண்டு, வண்டி உண்டு, கடல் இல்லை. முத்துக் குளிப்பினால் வந்த பெரும் பொருள் அரசாங்கத்தின் கஜானாவுக்குச் சென்றது. நகரசபையின் கணக்கில் அதற்கு இடமில்லை. 1866-ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் 1871-ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் ஜில்லா ரஸ்தாக்களுக்காக வாங்கப்பட்ட வரியோ நிலத்தின் மேல் ஏற்பட்டது. நம்மவருக்கு நிலம் அலைகளின் மேல் அன்றோ! கூடையில் மீன் சுமந்து செல்லும் பெண்ணிடம் வண்டிச் சுங்கம் கேட்பாரில்லை. கேட்கப்படாதது நன்மையே எனினும், சுங்கம் செலுத்துவோரின் வண்டிக்குக் கப்பிக்கல் பரப்பியபோது அவள் நடக்கும் மணற்பாதையை நினைப்பாருமில்லை. ஓலைக் குடிசைக்கு விதிக்கத்தக்க வீட்டு வரி மிகச் சிறிது. இவ்வாறு, கடலில் உழைத்து ஊருக்குப் பெயர் தேடித் தந்த பகுதி, வரிப் புத்தகத்தில் ஏழைப் பகுதியாகவே எழுதப்பட்டது. பணம் வந்த இடத்தைப் பார்த்துப் பணத்தைச் செலவிடும் வழக்கம் எங்கும் உள்ளதாகையால், ரஸ்தா துறைமுகத்திற்கும், பஞ்சாலைக்கும், 1876-ஆம் வருஷம் வந்த ரயிலடிக்கும் முதலில் சென்றது. இதனை ஒருவருடைய பகை என்று கொள்ளலாகாது. கணக்கெழுதும் முறையின் குற்றம் என்றே கொள்ளல் வேண்டும்.

இம்முறையினின்று நகரத்தைச் சற்றுத் திருப்பியவர் நம் குலத் தோன்றலாகிய ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள். 1909-ஆம் வருஷம் நகரசபைத் தலைமையை ஏற்ற அவர், ஐந்து முறை அப்பதவி வகித்தார். உவர்நீர் ஊராகிய தூத்துக்குடிக்கு வல்லநாட்டினின்று தாமிரபரணி நீரைக் கொணர்ந்தது அவர்தம் அழியாப் புகழ். நீருக்குழாய் ஏழைக்கென்றும் செல்வனுக்கென்றும் பிரிந்து ஓடுவதன்று. தெருத்தோறும் சென்றாலன்றி அதனாற் பயனில்லை. எந்தத் தெரு எவ்வளவு வரி கொடுத்தது என்று கேளாமல் எந்தத் தெருவுக்கு எது வேண்டும் என்று கேட்ட முறை இது. 1930-ஆம் வருஷம் அவர் காலமானார். இன்று நகரில் அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் உள்ளன.

அக்காலத்திலேயே நகர அமைப்பைப் பற்றிய புதுக் கருத்துக்களும் தோன்றின. ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார் 1914, 1915-ஆம் வருஷங்களில் சென்னை ராஜதானி நகரங்கள் பலவற்றைக் கண்டு அறிக்கைகள் எழுதினார். நெருங்கிய குடியிருப்புகளை இடித்து நேர்க்கோடாய் அகன்ற சாலைகள் போடுதல் பணத்தையும் குடிகளையும் ஒருங்கே அழிப்பதாகும். பழைய சந்துகளைக் காத்து, இடிந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, வெளியும் மரமும் உண்டாக்குவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது என்று தஞ்சாவூர் முதலிய இடங்களுக்கு அவர் யோசனை கூறினார். வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் வாசல்வெளி வேண்டுகின்ற கடற்கரைக் குடியிருப்புக்கு இது மிகவும் பொருந்துவதாகும். பின்னர் 1920-ஆம் வருஷத்து நகரத் திட்டச் சட்டம் வந்தது. ஒரு திட்டத்தினால் மனை விலை உயரப் பெற்றவர் அவ்வுயர்வில் ஒரு பங்கை நகரத்துக்குத் தரவேண்டும் என்னும் நியாயத்தை அச்சட்டம் ஏற்படுத்திற்று. வீதியால் லாபம் அடைந்தவனே வீதிக்குப் பொருள் தருதல் என்பது வரிகளுட் சிறந்த வரியன்றோ?

மோட்டார் வண்டிகள் பெருகியபின் வருமானம் மீண்டும் உருமாறிற்று. ஜெயகர் கமிட்டியாரின் சிபார்சுப்படி 1929-ஆம் வருஷம் பெட்ரோல் காலனுக்கு 2 அணா மிகுதித் தீர்வை விதித்து, மத்திய ரஸ்தா நிதி தொடங்கப்பட்டது. 1931-ஆம் வருஷத்து மோட்டார் வரிச் சட்டத்தால் நமது ராஜதானியில் பழைய சுங்கச் சாவடிகள் எடுபட்டன. ஸ்தல ஸ்தாபனங்களின் நஷ்டத்துக்கு ஈடும் கொடுக்கப்பட்டது. எடுபட்ட சுங்கம் இப்போது வேறு உருவில் திரும்பி வந்துள்ளதைத் திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளம் சாவடியைக் கடப்போர் அறிவர். ஸ்மார்ட் சிட்டி என்னும் திட்டத்தில் 2017-ஆம் வருஷம் தூத்துக்குடி சேர்க்கப்பட்டது. நகரொன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாயும் மாநிலத்தார் அதற்குச் சமபங்கும் தருவது என்பது அதன் ஏற்பாடு. அத்திட்டம் 2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தோடு முடிவுற்றது. இவ்வாறு, உள்ளூர் வீட்டு வரியில் தொடங்கிய வீதிப் பணம் இப்போது சென்னையினின்றும் டில்லியினின்றும் வருகின்றது. தூரத்திலிருந்து வரும் பணம், கேட்பவர் உள்ள தெருவுக்கே செல்லும்.

இனி, வீதியைப் பற்றிப் பேசுவோர் பலர் மறக்கும் ஒன்றைக் கூறுவோம், அதுவே வடிகால். நகரின் நடுவே ஓடிவரும் பக்கிள் ஓடை திரேஸ்புரத்திலேயே கடலொடு கலக்கின்றது. ஊரார் அனைவருடைய மழைநீரும் கழிவுநீரும் நம் வாசலைக் கடந்தே செல்ல வேண்டும். மேற்கே ஒரு சாலையைத் திட்டமின்றி உயர்த்தினால் அதன் பலனைக் கிழக்கே நாம் அனுபவிக்கின்றோம். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடியின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. பழைய தாரின் மேல் புதிய தார் போட்டுப் போட்டு வீதி திண்ணையை விட உயர்ந்துவிட்டால், வீடே வாய்க்காலாகின்றது. இதனை உணர்ந்தே 2021-ஆம் வருஷம் மாநிலத் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு காகிதத்தில் நிற்பதும் தெருவில் இறங்குவதும், அதனை எடுத்துக்காட்டி வேலை நடக்கும்போது அருகில் நிற்கும் ஊராரைப் பொறுத்தது.

ஆகவே நம்மவர் செய்யத்தக்கவை மூன்று உள.

முதலாவது, வீட்டு வரியைத் தவணை தவறாமல் செலுத்தி ரசீதைப் பேணுதல். முன்னோர் காலத்தில் வரிப் புத்தகத்தில் நாம் சிறுத்துத் தோன்றியமையால் நேர்ந்ததை மேலே கண்டோம். வரி செலுத்தியவன் குரல் தலைகுனியாது.

இரண்டாவது, சபைகளுக்குச் செல்லுதல். 2008-ஆம் வருஷம் மாநகராட்சியாகிய நமது நகரம் 60 வார்டுகள் கொண்டது. வார்டு தோறும் பகுதி சபைகள் கூட்டுவதற்கு 2022-ஆம் வருஷம் விதிகள் ஏற்பட்டன. அங்கே சென்று, வடிகால் முதலில், வீதி பின்னர் என்று எழுத்து மூலமாய்க் கேட்டு, தீர்மானத்தில் பதியச் செய்தல் வேண்டும். படகினின்று மீன் இறக்கும் இடத்துக்கும், பெண்கள் கூடை சுமந்து செல்லும் சந்துக்கும், பிள்ளைகள் பள்ளி செல்லும் வழிக்கும் தனித்தனியே அளவும் நிலையும் குறித்த பட்டியல் ஒன்றை நம் வாலிபர் தயாரித்தால், அதைவிட வலிய விண்ணப்பம் வேறில்லை.

மூன்றாவது, நம் கையிலும் ஒரு நிதி வைத்தல். நமக்கு நாமே என்னும் திட்டத்தின்படி, பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் அரசாங்கத்தார் எஞ்சியதைச் சேர்த்து வேலையை நடத்துகின்றனர். சுலோசன முதலியார் ஒருவரே செய்ததை ஆயிரம் குடும்பத்தார் சிறுகச் சிறுகச் செய்தல் அரிதாகுமோ? தேருக்கு வடம் பிடிக்கும் கைகள், தெருவுக்கும் சேர்ந்து பிடிக்கலாகும்.

கடலை வகுத்துப் பாதை காணும் அறிவு நம் முன்னோருக்கு இருந்தது. சுக்கானைப் பிடித்தவன் கரையில் நின்று காற்றைக் குறைகூறிக் கொண்டிருந்ததில்லை. தரையிலும் அவ்வாறே நம் பாதையை நாமே குறித்துக் கேட்போமாக. திரேஸ்புரத்துச் சந்துகளில் நீர் தேங்காமல், முதியோர் இடறாமல், பிணி வந்தோரை ஏற்றிச் செல்லும் வண்டி வாசல்வரை வந்து சேரும் நாள் வருக.