புதுச்சேரிக்கு டொர்னாடோ வருமா? இடிமேகம் சுழல்காற்றாக மாறுவது எப்படி?

வெயில் காலத்தில் சாயங்காலம் திடீரென மேகம் கருக்கும். பலத்த காற்றோடு இடி மழை கொட்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிடும். புதுச்சேரிக்கு இது பழகிய விஷயம். இதே இடிமேகம்தான் சில இடங்களில் டொர்னாடோவையும் உண்டாக்குகிறது. அப்போ, இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை?

சாதாரண இடிமேகம்

தரையில் சூடான ஈரக்காற்று மேலே எழுந்து, குளிர்ந்து மேகமாகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் கடல்காற்றும் மோதும் இடத்தில் இது வேகமாக நடக்கும். ஆனால் மழையோடு இறங்கும் குளிர்காற்று, மேலே எழும் சூடான காற்றை அடக்கிவிடும். தன் மழையாலேயே மேகம் அழிந்துபோகும்.

சூப்பர்செல் என்றால் என்ன?

தரையருகே ஒரு திசையில் மெதுவாகவும், உயரத்தில் வேறு திசையில் பலமாகவும் காற்று வீசினால், இடையில் உள்ள காற்று உருளை போல சுழலும். மேலெழும் காற்று அந்த உருளையை நிமிர்த்தினால் மேகமே சுழலத் தொடங்கும். இதுதான் சூப்பர்செல். இதில் மழை ஒரு பக்கம், மேலெழும் காற்று மறுபக்கம். அதனால் பல மணி நேரம் நீடிக்கும். சில சமயம் சுழற்சி குறுகி, வேகமெடுத்து தரையைத் தொடும். அதுதான் டொர்னாடோ.

எங்கே ஆபத்து அதிகம்?

மேற்கு வங்கம், வங்கதேசம் பகுதியில் மார்ச் முதல் மே வரை கீழே கடலின் ஈரக்காற்று, மேலே பலமான வறண்ட மேற்குக் காற்று இருக்கும். 2024 மார்ச் 31-ல் ஜல்பைகுரியை டொர்னாடோ தாக்கியது. வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26-ல் வந்த டொர்னாடோ சுமார் 1,300 பேரை பலி கொண்டது. அந்த மேற்குக் காற்று பலத்தோடு புதுச்சேரி வரை வருவது அரிது. அதனால் இங்கே வாய்ப்பு மிகக் குறைவு.

புயல் வேறு, டொர்னாடோ வேறு

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை கொட்டியது. புயல் பல நூறு கி.மீ. அகலம், டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். புயலுக்குப் பல நாள் முன்பே எச்சரிக்கை வரும். இடிமழைக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. காரைக்கால், சென்னை ரேடார்களைப் பார்த்து, அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலை மையம் வெளியிடுகிறது.

புதுச்சேரியில் இடிமழையின் நிஜ ஆபத்து மின்னலும் திடீர்க் காற்றும்தான். இடி சத்தம் கேட்டாலே கடற்கரை, மைதானம், மரத்தடியை விட்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.