கல் கணக்கும் கடல் மைல் கணக்கும்: மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக் கட்டுப்பாட்டின் வரலாறு

பசுவந்தனையின் கரிசல் கிழக்கே போகப் போக உவர்நிலமாகி, வேம்பார், சிப்பிகுளம், வேப்பலோடை, தருவைகுளம் என்ற கடலோர ஊர்களில் முடிகிறது. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் விதைக்கிறவர்களுக்கு மன்னார் வளைகுடா எட்டாத தொலைவில் இல்லை. இந்தக் கடலில் எப்போது இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் பல கைகள் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில், கடலடியைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் கைவிட்டுப் போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முத்துக்குளிப்பு நினைத்தபோதெல்லாம் நடந்ததில்லை. முத்துச் சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். குளியாட்கள் முதலில் பாரில் இறங்கிக் கொஞ்சம் சிப்பி எடுத்து வருவார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை விலை மதிப்பார்கள். மதிப்புத் தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. உரிமையின் அளவு ‘கல்’: குளியாள் காலில் மாட்டி இறங்கும் கல்லின் எண்ணிக்கையே பங்கின் எண்ணிக்கை. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் பரதவரின் சாதித் தலைவருக்கும் இத்தனை கல் என்று உரிமை இருந்தது. சுறாவை வாய்கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் பங்குண்டு. போர்த்துகீசியர் காலத்திலும், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் காலத்திலும் சாதித் தலைவரே இடையில் நின்று ஆளையும் தோணியையும் திரட்டினார்.

இதைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். ஆதாயத்தின் பெரும்பகுதி ஆள்பவருக்கே போனது. மூச்சடக்கி இறங்கியவனுக்குக் கிடைத்தது சிறுபங்கு. பார்கள் வெறுமையாகக் கிடந்ததற்கும் நிர்வாகத்தின் நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. நீரோட்டம் குஞ்சுச் சிப்பியை அடித்துப் போகும், சூரன் என்ற சிறு சிப்பியினம் படர்ந்து மூச்சை அடைக்கும். ஆனாலும், ஒரு பாரின் நிலையை இறங்கிப் பார்த்தவர் சொல்லே அதைத் திறப்பதற்கு அடிப்படையாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணி தனித் துறையாக உருப்பெற்றது. சங்குக்குளிப்பில் அளவுக்குச் சிறிய சங்கை உயிரோடு கடலில் திருப்பி விடும் விதி நடைமுறையில் இருந்தது. தூத்துக்குடியில் 1908, 1914, பிறகு 1926 முதல் 1928 வரை, கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் இல்லை. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்புச் சிப்பியில் முத்து விளைவித்தது.

அதற்குள் விசைப்படகுகள் பெருகி, அவற்றின் மடி வலை கடலடியை வாரத் தொடங்கியிருந்தது. நாட்டுப்படகுக்காரர்களுடன் மோதல் முற்றியபின் வந்ததே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என ஒதுக்கப்பட்டது. 1986-இல் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 45 நாள் மீன்பிடித் தடை வந்தது, 2017-இல் அது 61 நாளாகியது. இவை அவசியமான விதிகள். மடி வலையை நிறுத்த ஊர்க் கமிட்டியின் வாய்க்கட்டுப்பாடு மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கத்தோலிக்க ஊர்களின் ஒழுங்கு அந்தந்த ஊர்க்காரரைத்தான் கட்டுப்படுத்தும்.

சிக்கல் கடல் அட்டையில் வெளிப்பட்டது. 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதை எடுத்துப் பிழைத்த குளியாட்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள். இதே வளைகுடாவின் மறுகரையில் இலங்கை உரிமம் கொடுத்து அதே தொழிலை நடத்துகிறது. உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கடலோர ஊர்களில் அமைத்த சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் மாற்றுத் தொழிலுக்குக் கடன் கொடுத்தன, காவலுக்கு உதவி கேட்டன. எந்த இடத்தை மூடுவது, எப்போது திறப்பது என்ற முடிவு மட்டும் அந்தக் குழுக்களிடம் வரவில்லை.

அட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை. தடை நீடிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கும் கணக்கெடுப்பில், பழைய பார் பார்வையைப் போல, தூத்துக்குடியின் சங்குக்குளியாட்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து இறங்க வேண்டும். அவர்கள் கண்டதை ஊர்க் கமிட்டியின் முன் வைத்து, அங்கே கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே தடையின் அளவையும் காலத்தையும் அரசு அறிவிக்க வேண்டும்.