வாசித்துக் காட்டிய கணக்கு

சென்ற மாதம் வானொலியில் நான் நிகழ்த்திய பதினைந்து நிமிட உரையை எழுத்தில் தருமாறு சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். அதனைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

கணக்காய்வை ஆங்கிலத்தில் ஓடிட் என்கிறோம். அந்தச் சொல் கேட்டல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், பணத்துக்குப் பொறுப்பானவர் வரவையும் செலவையும் உரக்கச் சொல்ல, உரியவர்கள் காது கொடுத்துக் கேட்டுச் சரி பிழை பார்த்தார்கள். பின்னர் அச்சிட்ட பேரேடுகளும் பற்றுச்சீட்டுகளும் வந்தன. கணக்கு ஓர் அறைக்குள் போய்விட்டது. என்னைப் போன்றவர்கள் அந்த அறைக்குள் இருந்து பிழைக்கிறோம். இந்தியாவில் சில ஏழைக் கூலியாட்கள் அந்த அறையின் கதவைத் திறந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

ராஜஸ்தான் மழை பொய்க்கும் பூமி. வரட்சிக் காலங்களில் குளம் வெட்டுதல், வீதி போடுதல் போன்ற நிவாரண வேலைகளை அரசாங்கம் நடத்தும். 1987இல் அங்குள்ள தேவ்துங்ரி என்னும் சிற்றூருக்கு மூவர் குடிவந்தார்கள். ஒருவர் அருணா ராய். 1946இல் சென்னையில் பிறந்தவர். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதனை உதறிவிட்டு வந்தவர். மற்றவர்கள் நிகில் டேயும் சங்கர் சிங்கும். மண்வீடொன்றில் தங்கி, ஊராரோடு ஊராராக வாழ்ந்தார்கள்.

ஊராரின் முதல் முறைப்பாடு கூலி பற்றியது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒன்று இருந்தது. கையில் கிடைத்ததோ அதைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வெட்டிய மண் அவ்வளவுதான், பதிவில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ஆவணம், இரகசியம் என்றார்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு பெற்றார் என்று எழுதும் பட்டியலை அங்கே மஸ்டர் ரோல் என்பார்கள். தன் பெயர் எழுதப்பட்ட தாளைத் தானே பார்க்க முடியாத நிலை. 1990 மே முதலாம் திகதி பீம் என்னும் ஊரில் இவர்கள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். கூலிக்காக உண்ணாவிரதமும் இருந்து பார்த்தார்கள். அந்தத் தாள் கைக்கு வராமல் கூலியும் வராது என்பது போகப் போக விளங்கியது.

1994 டிசம்பர் 2ஆம் திகதி பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதலாவது மக்கள் விசாரணை நடந்தது. ஒத்துழைக்க மனமிருந்த அதிகாரியிடமிருந்து சில பதிவுகள் கிடைத்திருந்தன. அவற்றை முன்கூட்டியே வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சரிபார்த்தார்கள். பின்னர் ஊர் நடுவே ஒரு பந்தல், ஓர் ஒலிவாங்கி, வெளியூரிலிருந்து வந்த பக்கஞ்சாராத சிலர் அடங்கிய குழு. பட்டியலிலுள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. பெயருக்குரியவர் எழுந்து, தான் அந்த வேலைக்குப் போனாரா, எவ்வளவு கூலி பெற்றார் என்று ஊருக்கு முன்னால் சொன்னார். குற்றஞ்சாட்டப்படும் அதிகாரிகளுக்கும் அழைப்பு உண்டு. மறுமொழி சொல்ல அவர்களுக்கும் இடம் உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் பீம், விஜய்புரா, ஜவாஜா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. அடுத்தடுத்து வெளிவந்தவை ஒரே மாதிரியானவை. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் மண் சுமந்தார்கள். வந்து சேராத பொருட்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. முடியாத கட்டிடங்கள் முடிந்ததாக எழுதப்பட்டிருந்தன.

இந்த இடத்தில் ஒரு கணக்காளனாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பை சீமெந்து வாங்கியதாக ஒரு செலவைச் சோதிக்கிறேன் என்று வையுங்கள். கடைச் சிட்டை இருக்கிறது. பொருள் பெற்றதாக ஒரு கையொப்பம் இருக்கிறது. பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. கூட்டினால் சரி. எண்பது பைதான் வந்தது என்பது யாருக்குத் தெரியும்? அதனைக் குழைத்த மேசனுக்குத் தெரியும். பட்டியலிலுள்ள ஒருவர் போன வருடமே இறந்துவிட்டார் என்பது அவரைத் தூக்கிச் சென்றவர்களுக்குத் தெரியும். சாட்சியம் ஊரிலே இருக்கிறது, நாங்கள் அதைக் கோவைக்குள்ளே தேடுகிறோம்.

பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்றதும் கிராமசேவகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995 ஏப்ரல் 5ஆம் திகதி முதலமைச்சர் பைரோன்சிங் செகாவத், ஊர் வேலைகள் பற்றிய ஆவணங்களின் பிரதியை யாரும் பணம் கட்டிப் பெறலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் திகதி பியாவர் நகரில் கூலியாட்கள் மறியலில் அமர்ந்தார்கள். நாற்பது நாட்கள் நீடித்தது. நகரத்து மரக்கறி வியாபாரிகள் மரக்கறி கொடுத்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் அவர்களுடைய கோஷம்.

1997இல் தமிழ்நாடு தகவல் பெறும் உரிமைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ராஜஸ்தானின் சட்டம் 2000இல் வந்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 2005 ஒக்ரோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது. அதே 2005இல் இயற்றப்பட்ட கிராமிய வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகளின் கணக்கைக் கிராமசபையே சமூகக் கணக்காய்வு செய்ய வேண்டும் என்று விதித்தது. 2006 முதல் ஆந்திரப் பிரதேசம் அதனைப் பெருமளவில் நடத்திக் காட்டியது. 2017இல் மேகாலயா சமூகக் கணக்காய்வுக்கென்றே தனிச் சட்டம் செய்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போனால் நான் பொய்க்கணக்கு எழுதியவனாவேன். கண்டுபிடிக்கப்பட்ட பணத்தில் சிறு பங்குதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. பல இடங்களில் கணக்காய்வு பெயருக்கு நடந்தது. கேள்வி கேட்டவர்கள் அடி வாங்கியதும் உண்டு. ஆனாலும் ஊர்த் தலைவர்கள் சிலர் எடுத்த பணத்தை ஊரறியத் திருப்பிக் கொடுத்த விசாரணைகளும் இருந்தன. அதற்கு முன் அப்படியொன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

நமக்கு இது அந்நியமான எண்ணமும் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919ஆம், 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவாக முடியாது என்று அவை சொல்கின்றன. அது பிராமணச் சபையின் விதி, ஊரில் எல்லோருக்கும் அங்கே இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இனி என் கதை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்கினோம். வணிகப் பட்டதாரி என்று தெரிந்ததும், நிவாரணப் பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் முந்திய வாரத்துத் தாள் கண்ணில் பட்டது. எங்கள் குடும்ப எண்ணுக்கு நேரே அரிசி, மா, சீனி கொடுபட்டதாக இருந்தது. அந்த வாரம் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பெற்றவரின் அடையாளமாக ஒரு பெருவிரல் ரேகை. அம்மா இருபது வருடம் படிப்பித்தவர், கைநாட்டு வைக்கிறவரல்லர்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "கதையாமல் இரு தம்பி. கேட்டால் வாறதும் வராமல் போகும்" என்றார். நான் கதைக்கவில்லை. அடுத்த நாளும் போயிருந்து, அழகான கையெழுத்தில் பட்டியல் எழுதினேன். பியாவரில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வெயிலில் குந்தியிருந்த அந்த ஏப்ரலில், பட்டம் பெற்ற நான் வாய் மூடியிருந்தேன். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது அந்த நேரத்துக்குச் சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றி இங்கும் கொண்டுவந்துவிட்டோம்.

சுனாமிக்குக் கொடுத்தோம், கோயிலுக்குக் கொடுத்தோம், ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்தோம். கணக்கைக் கேட்பவரை எப்படிப் பார்த்தோம்? குழப்பக்காரன் என்றோம். நல்ல காரியத்தில் நம்பிக்கையில்லாதவன் என்றோம்.

நாங்கள் வாழும் இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் சட்டப்படி, உள்ளூராட்சிச் சபைகளின் ஆண்டுக் கணக்கையும் அதற்கு ஆதாரமான சிட்டைகளையும் ஒவ்வோர் ஆண்டும் 30 வேலை நாட்களுக்குப் பார்வையிடலாம். வாக்காளராகப் பதிந்தவர் கணக்காய்வாளரிடம் கேள்வியும் கேட்கலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். நாம் கட்டும் கவுன்சில் வரி அதிலே இருக்கிறது. இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. ஊரில் இருக்கும் உறவினர் பிரதேச சபையிடம் வீதிக் கணக்கைக் கேட்கலாம்.

எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு நான் பொருளாளர். சில வருடங்களாக ஆண்டுக் கூட்டத்தில் ஐந்தொகையைக் கையில் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல், வரி வரியாக வாசிக்கிறேன். இளையவர்கள் கொட்டாவி விடுவார்கள். சென்ற முறை பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழும்பி, "தம்பி, மண்டபத்துக்குக் கட்டின முற்பணம் திரும்பி வந்ததோ? நீங்கள் வாசிக்கேல்லையே" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். பணம் வங்கிக்கு வந்திருந்தது. நான் அதனை வேறொரு தலைப்பில் பதிந்திருந்தேன். பிழை என்னுடையது. சபையில் அதனைச் சொல்லித் திருத்தினேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, "சரி, அடுத்ததை வாசியுங்கோ" என்றார்.