பரிசலும் ஆடிக் காற்றும்

காற்றடைக்கும் கயாக் படகு ஒன்றை வாங்கிப் பவானிசாகரில் விட்டுப் பார்க்கலாமா என்று உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

சின்னப் படகு நமக்குப் புதிதல்ல. பாலங்கள் வருவதற்கு முன்னால் பவானியையும் காவிரியையும் கடக்கப் பரிசல்தான் துணை. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி அடியில் தோல் போர்த்துவார்கள்; பிற்காலத்தில் தோலுக்குப் பதில் தார் பூசிய ஷீட் வந்தது. பரிசல்காரர் ஆட்களைச் சுற்றிலும் சமமாக உட்கார வைப்பார், எழுந்து நிற்க விடமாட்டார். கரையோரமாகவே கொஞ்சம் மேலே போய்த்தான் ஆற்றைக் கடப்பார். இழுப்பு அவரைச் சரியாக எதிர்த்துறையில் கொண்டுபோய் விடும். தண்ணீரின் போக்கு அவருக்கு அத்துப்படி.

1934-ல் மேட்டூர் அணையும் 1955-ல் பவானிசாகர் அணையும் முடிந்தபோது ஆறு ஏரியாக மாறியது. மேட்டூர் 120 அடி நிரம்பினால் தண்ணீர் சுமார் 59 சதுர மைல் பரப்பில் நிற்கும். பண்ணவாடியில் நந்தி சிலையே மூழ்கிப்போகும். இங்கே இழுப்பைவிடக் காற்றுதான் எஜமான். நீர்ப்பரப்பு அகலமாக ஆக, அலையும் பெரிதாகிறது. கரை மறைவில் அசையாத தண்ணீரைப் பார்த்துத் துணிந்து போகிறவன், நடுவில் போனதும் காற்றில் மாட்டிக்கொள்வான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், லேசான கயாக் எம்மாத்திரம்? காற்று கரையிலிருந்து உள்நோக்கி வீசினால் திரும்பி வருவதே பெரும்பாடு.

பெரிய படகுகளே தப்பவில்லை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும், படகின் அமைப்பிலேயே இருந்த குறையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் போனார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், லைஃப் ஜாக்கெட்டும் இல்லை.

ஆறுதான் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. பில்லூரில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானி திடீரென்று உயரும். மழையே இல்லாத நாளிலும் அப்படி நடக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

ஆசை தப்பில்லை. ஆனால் நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். கவிழ்ந்த படகில் மறுபடி ஏறுவதை இடுப்பளவுத் தண்ணீரிலேயே பழகிக்கொள்ள வேண்டும். தனியாகப் போகக் கூடாது, கரையை விட்டு விலகக் கூடாது, காற்று எழுந்தால் இறங்கவே கூடாது.

முதலில் பரளிக்காடு போய்ப் பாருங்கள். பில்லூர் அணைத் தண்ணீரில் வனத்துறை நடத்தும் பரிசல் சவாரி அது. லைஃப் ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுவார்கள். துடுப்பு பிடிப்பவர்கள் அந்த மலையின் பழங்குடி மக்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போய்வந்தால், படகு வாங்குவதா வேண்டாமா என்பதைப் பையன்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.